நங்கூரம் போட்ட இடம்: காலித் துறைமுகத்தின் ஒழுங்கும் நமது ஆக்களும்

காலி மீன்பிடித் துறைமுகத்தில் பல வருடங்களாகப் படகுக் காவல் பார்த்த ஒரு முதியவர் எங்கள் அயலில் இருந்தார். வாப்பாவின் கூட்டாளி. அதனால் எனக்கு அவர் சாச்சா. நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீங்க கப்பல் வந்த வருஷத்த எல்லாம் எழுதுவீங்க. வந்த கப்பல் எங்க நிண்டதுண்டு எழுதுவீங்களா மகன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவரே சொன்னார்: "நங்கூரம் போட யாருக்கும் ஏலும். போட்ட எடத்துல கப்பல் நிண்டீக்கணும். அதுதான் வேல."

அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. நமது சமூக வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் 'வணிகர்' என்ற ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். அறபியர் வந்தனர், வணிகம் செய்தனர், குடியேறினர் என்ற வரிசை நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் வணிகம் நடப்பதற்கு முன்னர் கப்பல் ஓரிடத்தில் பாதுகாப்பாக நிற்க வேண்டும். அதை எங்கே நிறுத்துவது, எந்த மாதத்தில் நிறுத்துவது, பக்கத்துக் கப்பலோடு மோதாமல் எப்படிக் கட்டுவது, சரக்கை யார் கரைக்குக் கொண்டுவருவது என்பவற்றுக்கெல்லாம் ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கைக் காத்தவர்களுள் நமது ஆக்களும் இருந்தனர். காலியை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசன் எழுதியதும் எழுதாததும்

இலங்கைத் துறைமுகங்கள் பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகப் பழையவை. அம்பாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள கொடவாயக் கல்வெட்டு, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட கஜபாகு மன்னன் அத்துறையின் சுங்க வருமானத்தை விகாரைக்கு வழங்கியதைக் கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரம் வருடங்களின் பின்னர், முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) ஊராத்துறை பற்றி விடுத்த ஆணை நயினாதீவில் கிடைத்துள்ளது. அது தமிழில் பொறிக்கப்பட்டது என்பது நாம் கவனிக்க வேண்டிய விடயம். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு திறைசேரிக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் பாதி திறைசேரிக்கு, பாதி உடையவனுக்கு.

படைக்கு வேண்டிய யானையையும் குதிரையையும் கொண்டுவருபவனுக்குச் சலுகை, மற்றவனுக்கு அது இல்லை. அரசின் தேவை இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. அதேவேளை இதிலுள்ள நியாயத்தையும் மறுக்க முடியாது. உடைந்த கப்பல் கரைக்குச் சொந்தம் என்று அள்ளிக்கொள்ளும் வழக்கம் பல கரைகளில் இருந்த காலத்தில், உடையவனுக்கும் பங்குண்டு என்று கல்லில் வெட்டி வைத்தது வெளிநாட்டு வணிகனுக்குப் பெரிய உறுதிமொழிதான்.

ஆயினும் இவ்விரண்டு கல்வெட்டுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒன்று, வந்து சேர்ந்த கப்பலிடம் எடுக்க வேண்டியதைச் சொல்கிறது. மற்றது, உடைந்த கப்பலிடம் எடுக்க வேண்டியதைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே கப்பல் உடையாமல் நிற்பதற்கு யார் என்ன செய்தார்கள் என்பதை இரண்டும் சொல்லவில்லை. சாச்சாவின் கேள்வி சரியாக இந்த இடைவெளியில்தான் விழுகிறது.

காலி விரிகுடாவின் சுபாவம்

காலி விரிகுடா தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. மேற்கே கோட்டை நிற்கும் பாறை முனை. கிழக்கே றுமஸ்ஸலக் குன்று. வாயிலிலும் உள்ளேயும் நீருக்கடியில் பாறைகள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தரை பின்னாலிருந்து மறைப்பதால் குடா அமைதியாக இருக்கும். மே மாதமளவில் தென்மேல் பருவக்காற்று எழும்பினால் கடல் நேரே உள்ளே வரும். நமது ஊர்ப் பேச்சில் இதற்குக் 'கச்சான்' என்று பெயர்.

ஒரு நங்கூரத்தில் நிற்கும் கப்பல் ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் மாற மாற, நங்கூரத்தை நடுவாக வைத்து ஒரு வட்டம் அடிக்கும். கயிறு ஆழத்தைப்போல் பல மடங்கு நீளமாக இருந்தால்தான் நங்கூரம் பிடிக்கும். கயிறு நீளமானால் வட்டமும் பெரிதாகும். காலி போன்ற சிறிய குடாவில் இப்படிப் பத்துக் கப்பல் வட்டமடித்தால் ஒன்றோடொன்று மோதும், இல்லாவிட்டால் பாறையில் ஏறும். ஆகவே முன்னும் பின்னும் கட்டி அசையாமல் நிறுத்த வேண்டும். எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் கல் என்பது தெரிய வேண்டும். மணலில் நங்கூரம் இழுபடலாம். கல்லில் சிக்கினால் எடுக்க ஏலாது. கயிறும் அறுந்துவிடும்.

இந்த அறிவு தொன்மையானது என்பதற்குக் கடலடியிலேயே சாட்சி இருக்கிறது. அறபு-இந்திய வகை எனப்படும் கல் நங்கூரங்கள் காலிக் குடாவின் அடியிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. நீண்ட சதுரக் கல், மேலே கயிற்றுக்கு ஒரு துளை, கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக இரு துளைகள். கீழ்த்துளைகளில் மரக் கட்டைகளைச் செருகினால் அவை மணலைக் கவ்விப் பிடிக்கும். பாரசீகக் கரையிலுள்ள சீராஃபிலும் குஜராத் கரையிலும் இதே வகை கிடைத்திருக்கிறது. எழுத்து எதுவுமில்லாத இந்தக் கற்களை நான் கல்வெட்டுகளுக்குச் சமமான ஆவணங்களாகவே கருதுகிறேன். ஒரு கப்பல் இங்கே நின்றது என்பதை இதைவிட நேராகச் சொல்லும் சான்று வேறில்லை.

நாகுதா இப்றாஹீமின் வீடு

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைத் தரிசித்தபின் தெவிநுவரைக்குச் சென்று, அங்கிருந்து காலிக்கு வந்தார். அதனைச் 'காலி' என்றே பெயர் சொல்லி ஒரு சிறிய ஊர் என்று குறிப்பிடுகிறார். அங்கே நாகுதா இப்றாஹீம் என்ற முஸ்லிம் ஒருவர் வசித்ததாகவும், அவர் தமது இடத்தில் தம்மை விருந்தோம்பியதாகவும் எழுதுகிறார். பின்னர் கொழும்புக்குச் சென்றபோது, அங்கே கடலின் அதிகாரியாக ஜாலஸ்தீ என்பவர் இருந்ததையும், அவரிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்ததையும் சொல்கிறார்.

இவ்விரு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொழும்பில் கடலை ஆண்டவர் ஆயுதம் தரித்த ஆட்களை வைத்திருந்தார். காலியில் நாம் காண்பவர் ஒரு நாகுதா. நாகுதா என்றால் கப்பலின் தலைவர். கப்பல் ஓட்டும் ஒருவர் கரையில் வீடு வைத்து, வந்தவரை உபசரிக்கும் நிலையில் இருந்தார் என்றால், அந்த ஊரில் கடல் தெரிந்த முஸ்லிம்கள் நிலையாக வாழ்ந்திருக்கிறார்கள். காற்று மாறும்வரை மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டிய பாய்க்கப்பல் காலத்தில், இப்படி ஒரு வீடு துறைமுகத்தின் ஓர் அங்கமேயாகும். வந்தவர் எங்கே நிற்கலாம், எப்போது போகலாம் என்று கேட்கும் இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இப்னு பதூதாவுக்குப் பின் எழுபது வருடங்களுக்குள் சீனக் கடற்படையும் வந்தது. அதன் தலைவர் செங் ஹ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்லைச் சீனாவில் வெட்டி இங்கு கொண்டுவந்து நாட்டினர். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தைச் சார்ந்தும் காணிக்கைகள் கூறப்படுகின்றன. ஒரு துறைமுகத்தில் யார் யாருடைய தயவு வேண்டும் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை இது. அதில் நமது பங்கு மூன்றில் ஒன்று. அந்தக் கல் 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த நிலையில் மாகாணப் பொறியியலாளர் டொமலின் என்பவரால் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. மூன்று பகுதிகளுள் பாரசீகப் பகுதியே அதிகம் தேய்ந்துபோயுள்ளது.

ஊழியம்

1505இல் லொறென்சோ த அல்மெய்தா முஸ்லிம்களின் கப்பல்களைத் தேடி மாலைதீவுப் பக்கம் புறப்பட்டு, காற்றில் அடிபட்டு இலங்கைக் கரைக்கு வந்தார். அவர் முதலில் ஒதுங்கியது காலி என்பர். அதன்பின் துறைமுக ஒழுங்கு என்பது ஆயுதத்தின் ஒழுங்காயிற்று. போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை 1626இல் வெளியேற்றியதும், கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஒரு தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதும் வாசகர் அறிந்தவை.

1640 மார்ச்சில் காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தமது முக்கிய துறைகளுள் ஒன்றாக்கினர். கறுவா ஏற்றிய கப்பல்கள் இங்கிருந்து ஐரோப்பா சென்றன. கோட்டையின் பழைய வாசலில் 1669 என்ற ஆண்டும் கம்பனியின் சின்னமும் இன்றும் தெரிகின்றன. அதனோடு ஒட்டியதே பெரிய பண்டசாலை.

கம்பனியிடம் கணக்கு இருந்தது, கட்டளை இருந்தது. ஆனாலும் கடல் கட்டளைக்குப் பணியவில்லை. 1659 ஜூலையில் அவொன்ஸ்டர் என்ற கப்பல் நாகபட்டினத்துக்குப் பாக்கு ஏற்றிக்கொண்டு குடாவுக்குள்ளேயே நின்றது. இரவில் நங்கூரம் நழுவிக் கப்பல் கரையோரத்தில் தட்டி அமிழ்ந்தது. கப்பல் தலைவர்மீது கவனயீனக் குற்றம் சுமத்தப்பட்டது. 1661 மே மாதத்தில் ஹெர்குலிஸ் என்ற கப்பல் புறப்படும்போதே பாறையில் மோதி உடைந்தது. இரண்டும் தென்மேல் காற்று மாதங்கள் என்பதைக் கவனிக்க. "கச்சான்ல கயித்த ரெட்டிப்பாக்கணும், ராவைக்கு எழும்பி எழும்பிப் பாக்கணும்" என்று சாச்சா சொல்லும் பாடம் அன்றைய காலிக்கும் பொருந்தும்.

இந்த ஒழுங்கில் நமது ஆக்கள் எங்கே இருந்தார்கள்? ஆவணத்தில் அவர்கள் 'ஊழியம்' என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். சோனகரையும் செட்டிகளையும் வெளியாராகக் கருதிய கம்பனி, இங்கு வாழும் உரிமைக்குப் பதிலாக வருடத்தில் மூன்று மாதம் கூலியில்லாத சேவை செய்ய வேண்டும் என்றது. கப்பலில் சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் சுமப்பதும் அதில் அடங்கின. வசதியுள்ளவர்கள் பணம் கட்டித் தப்பினார்கள். வசதியில்லாதவர்கள் முதுகைக் கொடுத்தார்கள். பிரித்தானியர் 1796இல் வந்த பின்னரும் இம்முறை சில காலம் தொடர்ந்தது. கோல்புறூக் சீர்திருத்தங்களின் காலத்தில் கட்டாய சேவை முடிவுக்கு வந்தது.

சில தலைமுறைகளுக்கு முன் நாகுதா என்ற மரியாதைப் பெயரோடு வரலாற்றில் நின்ற ஒரு கூட்டம், அதே துறையில் ஊழியக்காரராகப் பதியப்பட்டது. தொழில் மாறவில்லை. கடலும் மாறவில்லை. எழுதியவரின் பார்வைதான் மாறியது. நமது வரலாற்றாசிரியர்கள் ஊழியத்தை ஓர் அநீதியாக மட்டும் எழுதியுள்ளார்கள். அது அநீதிதான், சந்தேகமில்லை. ஆனால் அலையில் ஆடும் கப்பலிலிருந்து ஆடும் தோணிக்குச் சரக்கை இறக்குவது பலம் மட்டும் போதுமான வேலையல்ல, ஒரு திறமையுமாகும். அநீதியை எழுதும்போது திறமையை அழித்துவிடக் கூடாது.

நீராவிக் கப்பலும் அலைதடுப்பும்

1842 முதல் பீ அன்ட் ஓ கம்பனியின் நீராவிக் கப்பல்கள் வரத் தொடங்கியதும் காலி மீண்டும் பெருத்தது. ஐரோப்பா, கல்கத்தா, சீனா, பின்னர் அவுஸ்திரேலியா செல்லும் தபாலும் பிரயாணிகளும் இங்கே மாறினர். நிலக்கரியும் இங்கே ஏற்றப்பட்டது. பெரிய கப்பல்கள் கரையில் அணைவதில்லை. குடாவின் நடுவில் நின்றன. ஒரு கடிதம் முதல் ஒரு மூடை கரி வரை எல்லாமே தோணியில்தான் போய் வந்தன. கப்பல் நின்றதும் இரத்தினக்கல்லும் ஆமையோட்டுச் சாமானும் கொண்டு மேலே ஏறிவந்த சோனக வியாபாரிகளைப் பற்றி அக்காலப் பிரயாணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுவந்த தோணிக்காரரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அத்தோணிக்காரருள் சிங்களவரும் இருந்தனர், நமது ஆக்களும் இருந்தனர். எல்லாம் நாமே செய்தோம் என்று உரிமை கோருவதும் வரலாறாகாது.

இதே காலத்தில் மாலைதீவு ஓடங்களும் வந்தன. மாசியும் கயிறும் கொண்டு தென்மேல் காற்றின் கடைசியில் வந்து, அரிசியும் துணியும் ஏற்றி வாடைக்காற்றில் திரும்பின. இடையிலுள்ள மாதங்களில் அவ்வோடங்கள் நிற்கவும், அதிலுள்ளவர் தங்கித் தொழவும் கரையில் உறவு வேண்டியிருந்தது. நமது பெரியவர்களின் பேச்சில் 'மாலைக்காரர்' வந்துபோன கதைகள் இன்னும் இருக்கின்றன.

ஆனால் காலியின் பாறைகளை நீராவியால் அகற்ற முடியவில்லை. 1871 நவம்பரில் பீ அன்ட் ஓவின் றங்கூன் கப்பல் துறைமுக வாயிலிலேயே பாறையில் பட்டு மூழ்கியது. மலைநாட்டுக் கோப்பியும், 1867இல் கண்டிவரை ஓடத் தொடங்கிய புகையிரதமும் ஏற்கெனவே வணிகத்தைக் கொழும்புப் பக்கம் இழுத்திருந்தன. 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார். 1882இல் பீ அன்ட் ஓ கொழும்புக்கு மாறியது. 1885இல் அலைதடுப்பு முடிந்தது.

காலிக்குக் கடல் தந்த இடத்தைக் கொழும்பு கல்லால் கட்டிக்கொண்டது. அதன்பின் கப்பலை நிறுத்துவது உள்ளூர் அறிவிலிருந்து பொறியியலுக்குக் கைமாறியது. காலியில் தோணித் தொழில் செய்த குடும்பங்களுள் சில கொழும்புக்குப் போயின, சில இரத்தினக்கல் வியாபாரத்தில் இறங்கின, சில மீன்பிடித் துறையில் ஒதுங்கின. எங்கள் வீட்டிலும் அப்பாவின் வாப்பா தோணி வைத்திருந்தவர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய தோணியைப் பற்றி வேறெதுவும் எங்களிடம் மிஞ்சவில்லை.

இன்று

இன்று காலியில் வணிகத் துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், கடற்படைத் தளம் என மூன்றும் ஒரே குடாவில் இருக்கின்றன. துறைமுக அதிகாரசபை ஒரு பக்கம், மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம் ஒரு பக்கம். உலகைச் சுற்றும் சிறிய பாய்ப்படகுகளும் இங்கே வந்து நிற்கின்றன. அனுமதி, கட்டணம், பதிவு எல்லாவற்றுக்கும் கடதாசி உண்டு.

ஆனால் பலநாள் படகுகள் நெருங்கி நிற்கும் மேடையில் போய்ப் பார்த்தால், கடதாசியில் இல்லாத ஓர் ஒழுங்கு தெரியும். இடம் போதாததால் படகுகள் மூன்று நான்காக ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்படுகின்றன. உள்ளே நிற்பது புறப்பட வேண்டுமென்றால் வெளியே நிற்பவை எல்லாம் விலக வேண்டும். ஆகவே யார் எப்போது போகிறார் என்று கேட்டே கட்ட வேண்டும். ஐஸ் ஏற்றியவனை மறித்துக் கட்டினால் சண்டை வரும். கயிறு தேய்ந்தவன் பக்கத்தில் கட்டினால் பக்கத்துப் படகும் போகும். சாச்சா கடைசிக் காலத்தில் செய்தது இந்த வேலையைத்தான். சிங்களத்தில் கதைத்துச் சிங்களப் படகுகளையும், தமிழில் கதைத்து நமது படகுகளையும் இடம் மாற்றுவார். அவருக்கு உத்தியோகப் பதவி ஏதுமில்லை. ஆனால் கச்சான் பலமாக வீசும் இரவில் படகு முதலாளிமார் அவருடைய வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். சுனாமி, படகுகளைத் தரையில் தூக்கிப் போட்டிருந்தது. அவொன்ஸ்டர் கப்பலிலிருந்து எடுத்த பொருட்களைப் பாதுகாத்த கடல்சார் தொல்லியல் பிரிவின் ஆய்வுகூடமும் அழிந்திருந்தது. "கயிறு எல்லாம் நல்ல கயிறுதான் மகன். கட்டின எடமும் சரி. அல்லாஹ் நாடினா மனுஷன் கட்டினது நிக்காது" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மறுகாவும் கட்டத்தானே வேணும்" என்றார்.

செய்ய வேண்டியவை

அவர் மௌத்தாகிச் சில வருடங்களாகின்றன. அவர் சொன்னவற்றில் பாதியைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. இது என்னுடைய குறை. அதனால்தான் இதனை வாசகர் முன் வைக்கிறேன்.

முதலாவது, தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ள ஒல்லாந்தர் காலக் காலி ஆவணங்களை நமது இளம் ஆய்வாளர்கள் ஊழியம், தோணி, துறைவேலை என்ற கண்ணோடு படிக்க வேண்டும். அங்கே நமது பாட்டன்மார் வணிகராக அல்லாமல் வேலையாட்களாக எழுதப்பட்டிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, காலி மட்டுமன்றி பேருவளை, வெலிகம, கற்பிட்டி, மூதூர், ஒலுவில் என ஒவ்வொரு கரையிலும் கடல் தெரிந்த முதியவர்களிடம் இடங்களின் பெயரையும் காற்றின் பெயரையும் கயிற்று முடிச்சின் பெயரையும் கேட்டுப் பதிய வேண்டும். ஒரு பாறைக்கு வைத்த பெயரிலேயே ஒரு தலைமுறையின் அனுபவம் இருக்கும். மூன்றாவது, வீடுகளில் கிடக்கும் பழைய தோணி உறுதிகள், கூலிக் கணக்குகள், மாலைக்காரர் அனுப்பிய கடிதங்கள் எதுவாயினும் கறையான் தின்னுமுன் பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

கஜபாகு காலம் முதல் இன்றுவரை துறைமுகத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஆட்சியாளர் எழுதி வைத்திருக்கிறார்கள். கப்பலை எப்படி நிறுத்தினோம் என்பதை நாம்தான் எழுத வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அஸர் தொழுதுவிட்டு அவர்கள் பள்ளித் திண்ணையில் இருக்கும் நேரத்தில், ஒரு கொப்பியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.